கொள்ளையனும் வள்ளலும்

அரசாங்க ஏட்டிலே கொள்ளைக்காரன் என்று பதியப்பெற்ற ஒருவன், குடிமக்களின் நாவிலே வள்ளலாக வாழ்வது உலக சரித்திரத்தில் புதிதன்று. தமிழகத்தில் இதற்கு ஏற்ற சான்று திருநெல்வேலிச் சீமை ஜம்புலிங்கத்தின் கதையாகும்.

மேற்கு மலையடிவாரக் காடுகளில் பதுங்கி வாழ்ந்து, செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு வழங்கியவன் என்றே மக்கள் அவனைக் கருதினர். 1923-ஆம் ஆண்டில் போலீசார் அவனைச் சுட்டுக் கொன்றனர். ஆயினும், அவன் கதை பாட்டாகி ஊர்தோறும் பரவிற்று. இத்தகைய பாட்டுகள் மலிவு விலைச் சிறு புத்தகங்களாக அச்சாகிச் சந்தைகளிலே விற்கப்பட்ட காலம் அது.

பாட்டைத் தவிர வேறொரு சாட்சியமும் உண்டு. டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துவந்த அயர்லாந்து மாது ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவனை நேரிற் கண்டு பழகியவர். 1927-இல் வெளியான தமது ஆங்கில நூலில், அவனுக்கு ‘ராஜ்’ என்று பெயர் மாற்றி அவன் வரலாற்றை எழுதினார். கொடுமைக்கு ஆளாகியே அவன் கொள்ளைத் தொழிலில் விழுந்தான் என்பது அந்நூலின் கருத்து.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. இலங்கையில் கொழும்பு–கண்டி சாலையருகே உத்துவன்கந்த மலையைப் புகலிடமாகக் கொண்ட சரதியேல், தன் முஸ்லிம் தோழன் மம்மாலி மரைக்காருடன் 1864 மே 7-ஆம் நாள் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். மெக்சிகோவில் எராக்லியோ பெர்னால் 1888-இல் மாண்டான். ‘கொரிதோ’ எனப்படும் அந்நாட்டுக் கதைப்பாட்டு அவனை ஏழைகளின் தோழனாகப் போற்றுகிறது. முதலில் அநீதி, பின்பு காடு, அப்பால் கொடை, இறுதியில் மரணம்: மொழிகள் வேறாயினும் கதையின் போக்கு ஒன்றே.

இத்தகையோரைச் ‘சமூகக் கொள்ளையர்’ என்று குறித்தவர் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம். அவருடைய ‘கொள்ளையர்’ என்னும் நூல் 1969-இல் வெளிவந்தது. கொள்ளையருட் பலர் பலம் படைத்தோரின் கையாட்களாகவே இருந்து ஏழைகளை ஒடுக்கினர் என்று 1972-இல் மறுத்துரைத்தார் அன்டன் பிளோக். இம்மறுப்பை எளிதில் தள்ளுவதற்கில்லை. பறிகொடுத்தவனின் அழுகையைப் பாட்டுகள் பெரும்பாலும் பாடுவதில்லை. இழந்தவரெல்லாம் செல்வரே என்றும் கொள்வதற்கில்லை.

அங்ஙனமாயின் பாட்டுகள் பொய்யோ? கொள்ளையன் எத்தனை பேருக்கு என்ன கொடுத்தான் என்பதற்கு அவை சாட்சியாகா. ஆனால், மக்கள் எதை இழந்து ஏங்கினர் என்பதற்கு அவையே தக்க சாட்சி. நீதிமன்றப் படியேறி நியாயம் பெற வழியற்றவன், அந்த நியாயத்தைக் காட்டிலிருந்து வருபவனிடம் எதிர்பார்த்தான். கிடைக்காத நீதிக்கு மக்கள் எழுதிய மனுவே அப்பாட்டு.

லூபோக் சீனா அமைந்துள்ள அலோர் காஜா மாவட்டத்தினருக்கு இவ்வுண்மை அந்நியமானதன்று. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க மறுத்து, 1831–32-ஆம் ஆண்டுகளில் கம்பெனிப் படையை எதிர்த்த நானிங் தலைவர் தோல் சையது கொள்ளையரல்லர். எனினும், ஆங்கிலேயர் அவரைக் கலகக்காரர் என்றனர். நாடு அவரை வீரர் என்கிறது. அரசாங்க ஏட்டையும் மக்கள் பாட்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவனுக்கே சரித்திரம் விளங்கும்.