பழங்கற்படியும் எஸ்விஎன்னும்: கேடிஇ தமிழாக்கக் களஞ்சியத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தமக்கான பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தேர்ந்த வரலாற்றைப் பேசுவோர் பலரும் எரிக் ரேமண்ட் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். 'அண்டர்ஸ்டாண்டிங் வெர்ஷன் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' என்னும் அவருடைய கட்டுரை வரைவு நிலையைத் தாண்டவில்லை. ஆனாலும் அதன் பாகுபாடு இன்றுவரை செல்வாக்கோடு இருக்கிறது. கோப்பைப் பூட்டி ஒருவர் மட்டும் எழுதும் முறை, பிறர் எழுதியதோடு இணைத்த பிறகே பதியும் முறை, முதலில் பதிந்துகொண்டு பிறகு இணைக்கும் முறை என்று அவர் மூன்றைப் பிரிக்கிறார். தனிக் கோப்பா கோப்புத் தொகுதியா, ஒரே மையமா பல மையங்களா என்ற அளவுகோல்களையும் சேர்க்கிறார். கருவிகளை வகைப்படுத்தும் அளவில் இதைவிடத் தெளிவான எழுத்து எனக்குத் தெரியாது. என் மறுப்பு வேறோர் இடத்தில் எழுகிறது. இந்த வகைகளை அவர் காலவரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எஸ்சிசிஎஸ், ஆர்சிஎஸ் தொடங்கி சிவிஎஸ், சப்வெர்ஷன் வழியாக, ஒரே மையத்தைச் சாராத பரவல் கருவிகள்வரை ஏறும் படிக்கட்டாக்குகிறார். திட்டங்கள் கருவி மாற்றியதெல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறியதாகவே அவர் வழிவந்தவர்கள் படிக்கிறார்கள். தேர்வு நடந்த இடங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த வாசிப்பு நிற்பதில்லை.

லினக்ஸ் கருவக் கதை எல்லோரும் அறிந்தது. ஒன்றை மட்டும் நினைவூட்டினால் போதும். 2002 முதல் 2005 வரை கருவக்குழு பயன்படுத்திய பிட்கீப்பரே ஒரு பரவல் கருவி. அதைவிட்டு 2005 ஏப்ரலில் கிட்டுக்குப் போனபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எந்தப் படியும் ஏறவில்லை. ஒரே படியில் பக்கவாட்டில் நகர்ந்தார். காரணம் உரிமம். விலையில்லாமல் கொடுத்த பிட்கீப்பரை அதன் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. பைத்தான் திட்டமும் அப்படியே. பெப் 374 என்ற ஆவணம் பசார், கிட், மெர்க்குரியல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2009 மார்ச்சில் மெர்க்குரியல் தேர்வானது, 2011இல் களஞ்சியம் அதற்கு மாறியது. பிறகு 2017 பிப்ரவரியில் கிட்டுக்கும் கிட்ஹப்புக்கும் போனார்கள். இரண்டும் ஒரே தலைமுறைக் கருவிகள். முதல் தேர்வில் விண்டோஸில் எது நன்றாக ஓடுகிறது, எதன்மேல் உறுப்பினர்களுக்கு ஒட்டுதல் உண்டு என்பவை எடைபோடப்பட்டன. இரண்டாவதில் புதிய பங்களிப்பாளர்கள் எங்கே கூடியிருக்கிறார்கள் என்பது முன்னுக்கு வந்தது. யார் எழுதுகிறார்கள், அவர்கள் கையில் எந்தப் பகுதி இருக்க வேண்டும், எழுதியதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளே தேர்வை நடத்தின என்பது என் கருத்து. அதற்கு வலுவான சான்று தமிழ் இருக்கும் இடத்திலேயே கிடைக்கிறது.

கேடிஇ பணிமேடைத் திட்டம் 2005இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியது. 2009 ஜூலையில் அந்த ஒரே களஞ்சியத்தில் பத்து லட்சமாவது பதிவு விழுந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மூலநிரல் கிட்டுக்குப் போகத் தொடங்கியது, 2020இல் எல்லாம் கிட்லேப் தளத்தில் குடியேறின. மொழிபெயர்ப்புகள் மட்டும் சப்வெர்ஷனிலேயே நின்றுவிட்டன. தமிழுக்கென்று 'டிஏ' என்ற அடைவு அங்கே இருக்கிறது. இனி, இக்கட்டுரையின் மையமாக நான் எடுத்துக்கொள்ளும் ஒற்றைச் சான்று. இன்று கேடிஇயின் ஏதாவது ஒரு செயலியின் கிட் களஞ்சியத்தைத் திறந்து பதிவு வரலாற்றைப் புரட்டினால் 'ஜிஐடி சைலண்ட் சிங்க் பிஓ டாக்புக்ஸ் வித் எஸ்விஎன்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். எழுதியவர் பெயராக 'எல்10என் டீமன் ஸ்கிரிப்ட்' என்று இருக்கும். அது ஆள் அல்ல, தானே இயங்கும் ஒரு நிரல். எஸ்விஎன்னில், அதாவது சப்வெர்ஷனில், உள்ள மொழிபெயர்ப்பைப் படியெடுத்துக் கிட்டுக்குள் வைக்கிறேன் என்று அது ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. இந்த வழக்கம் 2020களின் தொடக்க ஆண்டுகளில் பரவியது. ஒவ்வொரு செயலிக்கும் வெவ்வேறு நாளில் வந்ததால் ஒரே தேதியை வைத்து எல்லை கீறுவது சரியாகாது.

கல்வெட்டுப் படித்தவருக்கு இந்த வரி புதிதாகத் தோன்றாது. கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்லில் இருந்த வாசகத்தைப் புதுக்கல்லில் வெட்டி, இது பழங்கற்படி என்று குறித்துவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அந்தக் குறிப்பு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது: கண்முன் இருப்பது படி, வாசகத்துக்கு அதிகாரம் தந்த மூலம் வேறு. கேடிஇயின் கிட் வரி சொல்வதும் அதுவே. ரேமண்டின் படிக்கட்டில் கீழே இருக்கும் கருவி இங்கே மூலத்தை வைத்திருக்கிறது, மேலே இருக்கும் கருவி படியை வைத்திருக்கிறது. ஒரே திட்டத்துக்குள், ஒரே நாளில், இரண்டு தலைமுறைகளும் இப்படித் தலைகீழாக நிற்பதை அவருடைய அடுக்கு எந்த வகையிலும் விளக்காது. அவர் கண்முன் இருந்தவர்கள் நிரலர்கள்; மொழிபெயர்ப்பாளரை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

இது வெறும் மந்தம், மாற்ற ஆளில்லாமல் விட்டுப்போனது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. இரவுதோறும் நிரலிலிருந்து சொற்றொடர்களைத் திரட்டி எல்லா மொழிக் கோப்புகளிலும் சேர்க்கும் பொறி முழுவதும் சப்வெர்ஷனைச் சுற்றியே கட்டப்பட்டது. அதைப் பிரிப்பது எளிதல்ல. ஆனால் மந்தமாக இருப்பவர்கள் புதிதாக ஒரு படியெடுக்கும் ஏற்பாட்டை உழைத்துச் செய்யமாட்டார்கள். மூலத்தை இருந்த இடத்திலேயே வைத்து, படியை மட்டும் கிட்டுக்கு அனுப்புவது என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் காரணத்தை மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும். சப்வெர்ஷனில் ஒரு மொழியின் அடைவை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவர் தமிழாக்கம் செய்ய முன்வந்தால் அவருக்கு எல்லாச் செயலிகளின் தமிழ்க் கோப்புகளும் ஓரிடத்தில் கிடைக்கும். ஒரு வரி நிரலும் அவருக்குத் தேவையில்லை. செயலிக்கு ஒன்றாகச் சிதறிய நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களில் அதே வேலையைச் செய்ய, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்க வேண்டியிருக்கும். இன்னொரு பணிமேடையான க்னோம் திட்டம் 2009 ஏப்ரலில் மொழிபெயர்ப்புகளோடு சேர்ந்தே கிட்டுக்குப் போனது, அது என் வாதத்துக்கு எதிர்ச்சான்று அல்லவா என்று கேட்கலாம். அங்கே மொழிபெயர்ப்பாளருக்கும் கிட்டுக்கும் நடுவே 'டேம்ன்ட் லைஸ்' என்ற வலைவழி ஏற்பாடு நிற்கிறது. கோப்பை இறக்கி, மொழிபெயர்த்து, ஏற்றினால் போதும். கேடிஇ பழைய கருவியைக் காத்தது, க்னோம் புதிய கருவியை மறைத்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது மொழிபெயர்ப்பாளரின் தேவைதான்.

கல்வெட்டுப் பதிப்பில் எதிர்த்திசையில் ஒரு தேர்வு நடந்திருக்கிறது. பாகூர் குப்புசாமி தொகுத்து கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுகள் 2006இலும் 2010இலும் அச்சில் வந்தன. அச்சுக்கு மாறாக, 2019இல் தொடங்கிய தர்மா ஆய்வுத்திட்டம், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி பங்குகொள்ளும் திட்டம், கல்வெட்டுகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாக எபிடாக் முறையில் எழுதி கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. பரவல் கருவிதான் உயர்ந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இங்கே ஒரு கல்வெட்டு ஒரு கோப்பு. ஒரு பதிப்பாசிரியர் தன் கல்வெட்டோடு நெடுநாள் தனியே இருந்து வாசகத்தைத் திருத்துவார். இரவுதோறும் வந்து அவர் கோப்பைக் கிளறும் பொறி கிடையாது. தனியே பதிந்துகொண்டு பிறகு இணைக்கும் முறை இத்தகைய உழைப்புக்கு இயல்பாகப் பொருந்துகிறது. திட்டத்தினர் இந்தக் காரணத்தால்தான் தேர்ந்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆவணம் இல்லை. உழைப்பின் அமைப்பிலிருந்து நான் ஊகிப்பது இது. ஊகத்துக்குத் துணையாக ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் யார், எந்த நாளில், எதைத் திருத்தினார் என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. அந்தச் செய்தியைக் கிட் தானே வைத்திருக்கும்போது எதற்கு இரண்டாவது பதிவு? கருவி நாளை மாறினாலும் திருத்தியவர் பெயர் வாசகத்தோடு போக வேண்டும் என்பதற்காக. மொழிபெயர்ப்புத் தொடர்களைத் தாங்கும் பிஓ கோப்பின் தலையிலும் இதே ஏற்பாடு உண்டு: கடைசி மொழிபெயர்ப்பாளர், திருத்திய நாள், மொழிக்குழு. சிவிஎஸ், சப்வெர்ஷன், கிட் மூன்றிலும் மாறாமல் பயணம் செய்யும் பகுதி அதுதான்.

தேதிச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தமிழ்த் தொடர் எப்போது மொழிபெயர்க்கப்பட்டது என்று கேட்டால் மூன்று தேதிகள் எதிரே வருகின்றன. கிட் காட்டுவது படியெடுத்த தேதி. அதை மொழிபெயர்ப்பின் காலமாகக் கொள்ளவே கூடாது. கோப்பின் தலையில் உள்ளது கடைசியாக யாரோ சேமித்த தேதி. ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலும் அது மாறியிருக்கும், பழைய ஆயிரம் தொடர்களுக்கும் சேர்த்து. சப்வெர்ஷனில் வரிக்கு வரி தேடிப் பார்க்கலாம் என்றால், திரட்டும் பொறி கோப்பை மீண்டும் மீண்டும் அடுக்குவதால் பல வரிகளின் கடைசிப் பதிவு அதன் பெயரிலேயே விழுகிறது. இதற்குமேல், கணக்கு இல்லாத மொழிபெயர்ப்பாளரின் கோப்பை ஒருங்கிணைப்பாளர் தன் கணக்கில் பதிவதும் உண்டு. அப்போது பதிந்தவர் பெயரும் எழுதியவர் பெயரும் ஒன்றாக இருக்காது. ஆகவே தமிழாக்கத் தொடர்களைக் காலவரிசைப்படுத்த முனைவோர் சப்வெர்ஷன் பதிவெண்ணையும் கோப்புத் தலைப்புத் தேதியையும் சேர்த்துக் காட்டி, இரண்டும் முரண்படும் இடத்தில் முரணை அப்படியே விட்டுவைப்பதே தக்கது. சிவிஎஸ் காலத்துப் பதிவுகளுக்கு முந்திய தமிழாக்கங்களின் வயதைக் களஞ்சியங்களை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது.