தங்கவயல் தூசியும் இறக்குமதி மாஸ்க்கும்

மாஸ்க் என்றதும் எல்லோருக்கும் 2020தான் ஞாபகம் வரும். அந்த வருஷம் மார்ச் 20ஆம் தேதி திருமலையில் தரிசனத்தையே நிறுத்தினார்கள். ஜூன் 11ல் பக்தர்களை மறுபடி விட்டபோது மாஸ்க் இல்லாமல் மலையேற முடியாது. துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க், கர்ச்சீப் என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் கூப்பிடப் பழகிவிட்டோம். என் பிழைப்பு இங்கே தொழிற்சாலைப் பாதுகாப்பு, அதனால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். தூசியில் நின்று வேலை செய்கிறவன் போடும் ரெஸ்பிரேட்டர் வேறு ரகம். அதன் கதையில் ஒரு பங்கு எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆட்களுடையது.

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் போனார்கள். அப்போது சித்தூரும் வட ஆற்காடுதான். தனி மாவட்டமானது 1911ல். பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து கிடக்கும் ஜனம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே தங்கம் இருப்பது குவார்ட்ஸ் பாறைக்குள். குவார்ட்ஸ் என்பது சுத்தமான சிலிக்கா. அதைத் துளைத்தால் வரும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது தொல்லை மட்டும்தான், மூக்கும் தொண்டையுமே பெரும்பாலும் பிடித்துவிடும். தெரியாத தூசிதான் எமன். 3 மைக்ரானுக்கும் சின்னதாக இருப்பது நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து, பதினைந்து வருஷம் கழித்து மூச்சு வாங்கும். மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. பெயர் சிலிகோசிஸ்.

1940ல் மைசூர் சமஸ்தானம் இதற்கு நஷ்ட ஈடு விதிகள் கொண்டுவந்தது. 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 43.7 சதவீதம் பேருக்குச் சிலிகோசிஸ். கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்!

என் தாத்தா பலமனேர் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் போனவர். அவர் வைத்திருந்த 'மாஸ்க்' ஈரத் துண்டு. வருஷா வருஷம் புரட்டாசியில் அலிபிரியிலிருந்து 3,550 படியும் நடந்தே ஏறுவார். அப்புறம் காளிகோபுரம் வரைக்கும். அப்புறம் பஸ். "சாமி பஸ்ஸுல வந்தாலும் கோவிச்சுக்க மாட்டாருடா" என்பார். காச நோய் என்று சொல்லித்தான் வைத்தியம் பார்த்தார்கள். இரண்டுக்கும் அறிகுறி ஒரே மாதிரி இருக்கும். போதாததற்கு சிலிகோசிஸ் வந்தவனுக்குக் காச நோயும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இதே காலத்தில் அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் காலி பிரிட்ஜ் அருகே ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை. 1930, 31ல் சிலிக்கா பாறையைக் குடைந்தார்கள். வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர்தான் அதிகம். பல நூறு பேர் செத்தார்கள். 1934ல் அமெரிக்கச் சுரங்கத் துறை தூசி ரெஸ்பிரேட்டரைச் சோதித்து அங்கீகாரம் தரத் தொடங்கியது. அந்த வழியில்தான் 1995ல் என்95 வந்தது. நிமிஷத்துக்கு 85 லிட்டர் காற்றில் சுமார் 0.3 மைக்ரான் உப்புத் துகளை விடுவார்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உள்ளே போனால் ஃபெயில். பெட்டியில் இருக்கும் அந்த '95'க்கு இதுதான் அர்த்தம்.

மறுபடி 2020. சரக்கு கிடைக்கவில்லை. ஏப்ரலில் அமெரிக்க எஃப்டிஏ சீன மாஸ்க்குகளுக்கு அவசர அனுமதி கொடுத்தது, மே 7ஆம் தேதி அந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றை நீக்கியது. சோதனையில் பல தேறவில்லை. எங்கள் வேலையிடத்துக்கும் ஒரு வியாபாரி பெட்டி பெட்டியாக அனுப்பினார், கூடவே பளபளவென்று ஒரு சான்றிதழ். படித்துப் பார்த்தால் அது வேறு ஏதோ சாமானுக்குக் கொடுத்தது :-) எஃப்டிஏவில் பதிவு செய்திருப்பது வேறு, அங்கீகாரம் வேறு. நான் பார்ப்பது மாஸ்க்கின் மேலேயே அச்சிட்ட டிசி-84ஏ எண். அதை நியாஷ் பட்டியலோடு ஒப்பிடுவேன். காதில் மாட்டும் வளையம் இருந்தால் அப்போதே சந்தேகம்தான்; தலையைச் சுற்றி இரண்டு பட்டை இருந்தால்தான் முகத்தோடு ஒட்டும். அப்புறம் தலைக்கு மேல் ஒரு கூடு மாட்டி, உள்ளே சாக்கரின் தெளிப்பேன். நாக்கில் இனித்தால் ஓட்டை இருக்கிறது. மலைக்குப் போய் மொட்டை மட்டும் போட்டு வந்தால் போதாது, தாடியையும் எடுத்தால்தான் இந்தச் சோதனையில் தேற முடியும்.

கோலார் சுரங்கம் 2001ல் மூடிவிட்டது. அந்த நிறுவனமே நடத்திய சித்தூர் மாவட்டத்துச் சுரங்கங்களும் போயின. ஆனால் குப்பம் பக்கம் கிரானைட் அறுப்பு நடக்கிறது, கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. அங்கே பாலிஷ் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன வருஷம் போனில், "அண்ணா, அங்கிருந்து ஒரு டஜன் மாஸ்க் அனுப்பேன்" என்றான். அனுப்புகிறேன், ஆனால் முதலில் முதலாளியிடம் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல் என்றேன். தூசி கிளம்பாமல் செய்வதுதான் முதல் வேலை, மாஸ்க் அதற்கு அப்புறம். அங்கேயே வாங்குவதானால் ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்று போட்டிருக்கிறதா பார், ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார் என்றேன்.

மறுநாள் போட்டோ அனுப்பினான். முத்திரை இருந்தது, எண் இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.