நிலைக்கு வராத தேர்கள்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் வலம் வரும். ஒரு தேர் நிலைக்கு வந்த பின்னரே அடுத்த தேர் புறப்படுவது வழக்கம். 'பெரிய தேர் நிலைக்கு வந்துவிட்டதா?' என்று கேட்டபடி ஊர் இரவு வெகுநேரம் விழித்திருக்கும். தேர் வந்து நிற்கும் இடத்திற்கு 'நிலை' என்றே பெயர். அண்ணாமலையாருக்கே தம் தேரை நினைத்த இடத்தில் விட்டுச்செல்லும் உரிமை இல்லை. சாமி வாகனங்களுக்கும் கோயில்களில் வாகன மண்டபம் உண்டு.

வீட்டு வழக்கமும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. என் தாத்தா வீட்டின் பின்கட்டில் மாட்டுத் தொழுவமும் அதையொட்டி வண்டிக் கொட்டகையும் இருந்தன. எவ்வளவு நேரமானாலும் வண்டி கொட்டகைக்குப் போயாக வேண்டும். தெருவில் விட்டால் தாத்தா வைவார். "தெரு சாமியும் பொணமும் போற வழிடா" என்பார்.

சந்தைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எங்கே நிற்பது? அதற்கு விடையாக அமைந்தவை வண்டிப்பேட்டைகள். பல ஊர்களில் பேட்டை மறைந்து பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1920ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. நகராட்சி பொது வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் பெற அது இடமளித்தது. தனியார் பேட்டைக்கு உரிமம் வேண்டியிருந்தது. பேட்டை அமைந்த பின், அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்திற்குள் தெருவோரங்களில் வண்டி நிறுத்துவதைத் தடை செய்ய முடிந்தது. ஊர் முதலில் இடம் தர வேண்டும், பின்னரே தடுக்க வேண்டும் என்னும் இந்த வரிசை நோக்கத்தக்கது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் வண்டிப்பேட்டைப் பிரிவு இடம்பெற்றது.

மோட்டார் வாகனம் வந்தபின் இந்தப் பொறுப்பு இரண்டு துறைகளுக்கிடையே பிளவுபட்டது. வாகனத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் அது இரவில் எங்கே நிற்கும் என்று கேட்பதில்லை. கட்டட அனுமதி தரும் அலுவலகமோ வரைபடத்தோடு நின்றுவிடுகிறது. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், இருசக்கர வாகனத்திற்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் வகுத்துள்ளன. தூண்களின் மேல் வீட்டை எழுப்பித் தரைத்தளத்தை வாகனங்களுக்கு விட்டால், அப்பரப்பு தளப்பரப்புக் கணக்கில் சேராது. நல்ல விதிதான். ஆனால் அந்த இடம் பிறகு கடையாகவோ அறையாகவோ மாறினால், ஆண்டுதோறும் வந்து பார்ப்பார் யார்?

வேறொரு சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127ஆம் பிரிவு: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரற்று நிற்கும் வாகனத்தை அகற்றக் காவல் அதிகாரி உத்தரவிடலாம். இரவு ஒன்பதுக்கு நிறுத்திக் காலை ஏழுக்கு எடுத்தால் பத்து மணி நேரம். நம் தெருக்களில் உறங்கும் கார்களில் பல இக்கணக்கிற்குள் வரக்கூடியவை.

1989இல் வட ஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. அலுவலகத்தைத் தொடர்ந்து ஊழியர்களும், ஊழியர்களைத் தொடர்ந்து மனைப்பிரிவுகளும் வந்தன. ஏரிக்கரைச் சிற்றூருக்குப் போதுமாயிருந்த தெரு அகலம் நகரத்திற்குப் போதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இங்கே வீடு கட்டினேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஓரிரவு, எதிர்வரிசையில் குடியிருக்கும் மூதாட்டிக்கு மூச்சுத் திணறல். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் விரைந்து வந்தும் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. இருபுறமும் கார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். ஒருவர் குடை பிடித்தார். அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் வழியை அடைத்து நின்ற கார்களுள் முதலாவது என்னுடையது.

என் வீட்டு வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் உண்டு. இரண்டு ஆண்டுகள் கார் அங்கேதான் நின்றது. புத்தகங்கள் பெருகியபோது சுவர் எழுப்பி அலமாரி அடித்தேன். இலக்கியம் வீட்டிற்குள் வந்தது, கார் தெருவிற்குப் போனது. தெருவைத் திருடினேன் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குவோர் அதை நிறுத்த இடமிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். அவ்விடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். தெருவில் இரவு எட்டு மணி நேரத்திற்கு மேல் நிறுத்துவது குற்றம். இதை அப்படியே இங்கே கொணர்ந்தால், ஓரறை வாடகை வீட்டில் வாழும் ஆட்டோ ஓட்டுநர் என்ன செய்வார்? அவருக்காகவேனும் ஊர் பேட்டையை மீட்டெடுக்க வேண்டும். பகுதிக்கொரு பொது நிறுத்துமிடம், இரவுக்குச் சிறு கட்டணம், அதன்பின் தடை. நூறாண்டுக்கு முந்தைய சட்டத்தின் வரிசையும் அதுவே. ஆனால் இடமிருந்தும் அதை வேறொன்றாக்கிக்கொண்ட என் போன்றோருக்குப் பேட்டைக்காகக் காத்திருக்கும் நியாயம் இல்லை.

சென்ற வாரம் அலமாரிகளை மாடிக்கு ஏற்றினேன். சுவரை இடிக்கக் கொத்தனார் வந்தார். "நல்லாத்தானே சார் இருக்கு, ஏன் இடிக்கிறீங்க?" என்று கேட்டார். தேர் நிலைக்கு வர வேண்டும் என்றேன். அவர் அண்ணாமலையார் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.