தேம்ஸ் நதியில் பொதுப் படகுச் சேவை: 1905–1907

1905 யூன் மாதத்தில் இலண்டன் கவுண்டி சபை தேம்ஸ் நதியில் 30 நீராவிப் படகுகளைப் பயணிகள் சேவையில் ஈடுபடுத்தியது. (ஷேக்ஸ்பியர், காலைல் முதலானோரின் பெயர்களை அவை தாங்கியிருந்தன.) 1907 இறுதிக்குள் அச்சேவை முற்றாக நிறுத்தப்பட்டது. இதனைப் பொதுத்துறையின் இயலாமைக்குச் சான்றாகக் காட்டுவாரின் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆயின் குறைகளை மறைப்பதும் ஆய்வாகாது. வளைந்தோடும் நதியில் வற்றுப்பெருக்கை எதிர்த்துச் சென்ற படகு, நேர்வழிப் புகையிரதத்தோடு போட்டியிட இயலவில்லை. மாரியிலும் மூடுபனியிலும் பிரயாணிகள் அருகினர். குறித்த நேரத்தில் வேலைத்தலத்தை அடையவேண்டிய தொழிலாளிக்கு அத்தாமதம் கூலியிழப்பாகும். போதாக்குறைக்கு, 1906 டிசெம்பரில் அதே சபையே விக்டோரியா அணைக்கரை வீதியில் ட்ராம் வண்டிகளை ஓட்டலாயிற்று. எனினும் நட்டம் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது எனல் பொருந்தாது. சேவையைத் தொடக்கிய முற்போக்குக் கட்சி 1907 மார்ச்சில் தேர்தலில் தோற்றது. வரியிறுப்பாளரின் சுமையைக் குறைப்பதாகக் கூறி வென்ற நகராட்சிச் சீர்திருத்தக் கட்சியினரே படகுகளை நிறுத்தி விற்றனர்.