3.1 லிட்டர் என்றால் எவ்வளவு?

கார் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், டயர் காற்றழுத்தத்துக்கும் பல்புகளின் வாட் கணக்குக்கும் நடுவே ஆயில் அளவு ஒரு வரியாகக் கிடக்கும். பலரும் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். எண்ணைச் சுற்றி நிற்கும் சொற்களை விட்டுவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை என்பது என் கட்சி. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள சிறிய கார் ஒன்றுக்குப் பொருந்தும்படி அந்த வரியை மூலமாக அமைத்துக்கொள்கிறேன். வண்டிக்கு வண்டி எண் மாறும்; சொல்லும் முறை பெரிதாக மாறாது.

மூலம்:

எஞ்சின் ஆயில்: ஃபில்டருடன் மாற்றினால் ஏறத்தாழ 3.1 லிட்டர், ஃபில்டர் நீங்கலாக ஏறத்தாழ 2.9 லிட்டர். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்கவும். அளவு இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டக் கூடாது.

"எஞ்சின் ஆயில்"

கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி வரி உண்டு, இது அதுவல்ல. 5டபிள்யூ-30 போன்ற தரக் கணக்கும் வேறு. அளவைப் பொறுத்தவரை இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எஞ்சினின் சிசியை வைத்து ஆயில் அளவைக் கணக்கிட வழி கிடையாது. காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 2.5 லிட்டர் போதும். அதில் மாற்றக்கூடிய ஃபில்டரே இல்லை, ஒரு கம்பிவலை மட்டும்தான். அதே காற்றுக்குளிர்ச்சி முறையில் வந்த பழைய போர்ஷே 911, தனித் தொட்டி வைத்து, பல மாடல்களில் 10 லிட்டருக்கு மேல் ஆயில் சுமந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் எத்தனை ஆழம், டர்போ உண்டா, ஆயில் எவ்வளவு சூட்டைச் சுமக்க வேண்டும், எத்தனை கிலோமீட்டர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று பலவும் சேர்ந்துதான் அந்த அளவை முடிவு செய்கின்றன. அதனால் கையேட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"ஃபில்டருடன்... ஃபில்டர் நீங்கலாக"

இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 200 மில்லி. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் இருக்கும் ஆயிலும் போய்விடும். புது ஃபில்டர் காலியாக வருகிறது. எஞ்சினை முதல் முறை ஓட்டும்போது சம்பிலிருந்து ஆயிலை இழுத்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும். ஊற்றி முடித்ததும் ஸ்டிக்கில் பார்த்தபோது சரியாக இருந்த மட்டம், எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்தபின் இறங்கித் தெரிவது இதனால்தான். ஆயில் எங்கோ ஒழுகுகிறது என்று பதற வேண்டியதில்லை.

சில கையேடுகளில் இவை போக மூன்றாவதாக, இவற்றைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கும். அது பிரித்துக் கோர்த்த, சொட்டு ஆயில்கூட இல்லாத எஞ்சினுக்கானது. வழக்கமான சர்வீஸில் அந்த எண்ணை எடுத்துக்கொண்டால் கட்டாயம் மிஞ்சும்.

"ஏறத்தாழ"

வரியிலேயே எடை மிகுந்த சொல் இதுதான், யாரும் நின்று படிக்காததும் இதுதான். ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் இறங்கிவிடாது. ஹெட்டின் பள்ளங்களிலும், ஆயில் ஓடும் துளைகளிலும், பம்பிலும் கொஞ்சம் தங்கிவிடும். எவ்வளவு தங்கும் என்பது ஆயில் சூடாக இருந்ததா, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, மெக்கானிக் எத்தனை நிமிடம் பொறுத்தார் என்பதைப் பொறுத்தது. சூடாக இறக்கி அரைமணி வடியவிட்ட வண்டியும், ஆறிப்போய் இறக்கி அவசரமாகப் போல்ட்டைப் பூட்டிய வண்டியும் ஒரே அளவு ஆயிலைக் கேட்காது.

ஆகவே 3.1 என்பது கடையில் எவ்வளவு வாங்குவது என்பதற்கான எண். எவ்வளவு ஊற்றுவது என்பதை ஸ்டிக்தான் சொல்லும். டப்பாக்கள் 3 லிட்டர், 3.5 லிட்டர் என்று வருவதால் இங்கே ஒரு சங்கடம். மூன்றரை லிட்டர் டப்பாவில் மிஞ்சும் 400 மில்லியைப் பார்த்ததும், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன் என்று முழுதும் கவிழ்த்துவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. நல்லெண்ணம்தான், எஞ்சினுக்குத்தான் ஆகாது. மிச்சத்தை மூடி போட்டு டிக்கியில் வைத்தால் டாப்-அப்புக்கு உதவும்.

சரியான முறை எளிது. இரண்டரை லிட்டரை ஊற்றி, ஸ்டிக்கில் மட்டம் ஏறியதைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, பொறுத்திருந்து மறுபடி பார்த்து, மீதியை 100, 200 மில்லியாகச் சேர்ப்பது. கையேடே இல்லாத பழைய வண்டிக்கும் இதே வழிதான். இறக்கிய பழைய ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றுவது தவறான யோசனை. அந்த எஞ்சின் ஏற்கெனவே குறைந்த ஆயிலில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

பழைய ஆங்கிலக் கையேடு கையில் இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. புத்தகம் எந்த நாட்டுக்கு அச்சிட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

"சமதளத்தில் நிறுத்தி"

சம்ப் அகலமானது, ஸ்டிக் இறங்குவது அதன் ஓரிடத்தில். வண்டி சாய்ந்தால் எண்ணும் சாயும்.

"சூடான எஞ்சினை அணைத்து, 5 நிமிடம் கழித்து"

ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு மேலே ஹெட்டில் இருக்கும். அணைத்ததும் உடனே பார்த்தால் மட்டம் குறைவாகத் தெரியும்; அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும். ஸ்டிக்கை முதல் முறை உருவுவது துடைக்க மட்டுமே, இரண்டாம் முறை உருவும்போது தெரிவதே கணக்கு. விதிவிலக்கும் உண்டு. மேலே சொன்ன பழைய 911-ல் எஞ்சின் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டால் தொட்டியின் மட்டம் மாறிவிடும்.

"இரு குறிகளுக்கும் இடையில்"

கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவே பல கார்களில் ஒரு லிட்டர் அளவு இருக்கும், சிறிய எஞ்சின்களில் அதைவிடக் குறைவு. உங்கள் வண்டியில் அது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பாதியில் நிற்கும் மட்டத்துக்கு எவ்வளவு சேர்ப்பது என்பது மனக்கணக்கு. இடையில் எங்கே இருந்தாலும் சரி. மேல்குறியிலேயே நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி ஸ்டிக்கை மறந்தவர்கள் அநேகம். பெரும்பாலான கார்களில் அது அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. வளைவில் ஆயில் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை இழுத்து, அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங்குகள் உராயத் தொடங்கியிருக்கலாம். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை எஞ்சின் ஆயில் குடிப்பது இயல்பு என்று எழுதும் கையேடுகளும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டர் வரை ஸ்டிக்கைத் தொடாதவர் என்ன ஆவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மேல்குறியைத் தாண்டக் கூடாது"

மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் ஆயிலில் மோதி அதை நுரையாக்கும். நுரையில் இருப்பது பாதி காற்று. பம்ப் அதைத் தள்ளினால் பேரிங்குக்குப் பிடிமானம் இல்லை. மிகுதி ஆயில் காற்றோட்டக் குழாய் வழியே எஞ்சினுக்குள் போய் எரிந்து நீலப்புகையாகும், நாளடைவில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஊற்றாமலே மட்டம் ஏறுவதும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் பரவலானது. அது கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் செலவாகும்; ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் ஆயிலில் கலந்துவிடும். அப்படி ஏறிய மட்டத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, நீர்த்துப்போன ஆயிலையே மாற்ற வேண்டும்.

ஊற்றும்போது கைதவறிக் கூடிவிட்டதென்றால் அந்த மிகுதியை மட்டும் எடுத்தால் போதும். ஸ்டிக் இறங்கும் குழாயில் மெல்லிய டியூப் விட்டு, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சலாம். ட்ரெய்ன் போல்ட்டைத் தளர்த்திச் சொட்டவிடவும் செய்யலாம். ஆனால் தேவைக்கு மேல் இறங்காமல் அதை நிறுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.