விந்துக்குழாய் மறு இணைப்பு: வயதின் பங்கு
குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் துண்டித்த விந்துக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையின் முடிவை, ஆணின் வயதைவிடத் துண்டித்தபின் கழிந்த ஆண்டுகளே அதிகம் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1991இல் வெளியான, 1,469 ஆண்களை உள்ளடக்கிய ஆய்வில், 3 ஆண்டுக்குள் இணைத்துக்கொண்டோரில் 97 விழுக்காட்டினருக்கு விந்தில் உயிரணுக்கள் திரும்பின. 76 விழுக்காட்டுத் தம்பதியருக்குக் கரு தரித்தது. 15 ஆண்டு கடந்தோரிடம் இவை 71, 30 எனச் சரிந்தன. நெடுநாள் அடைப்பின் அழுத்தம் விரையை ஒட்டிய நுண்குழாயிலும் இரண்டாவது அடைப்பை உண்டாக்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வயதேற உயிரணுக்களில் மரபணுப் பிழைகள் கூடுமே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அவை இணைத்த குழாய் திறந்திருப்பதைத் தடுப்பதில்லை. கருத்தரிப்பிலோ மனைவியின் வயதே பெரிது. எனவே ஐம்பதைத் தாண்டியவர் என்பதற்காக மட்டும் ஒருவருக்குச் சிகிச்சையை மறுப்பது தவறு. நாற்பதை நெருங்கும் மனைவியைப் பரிசோதிக்காமல் கத்தியை எடுப்பது அதைவிடப் பெரிய தவறு.