குதிரை ஜெயிக்கும், கூட்டம் தோற்கும்

இந்த முறை பேலன்ஸ் ஷீட் இல்லை, குதிரைப் பந்தயம்! எந்தக் குதிரையில் கட்டலாம் என்று டிப்ஸ் கேட்டு வராதீர்கள். ஊரே சேர்ந்து கட்டும் பணம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயம் வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் பதிவானது. அங்கே பணம் கட்ட இரண்டு வழி. ஒன்று புக்கி. இன்னொன்று டோட்டலைசேட்டர், சுருக்கமாக 'டோட்'. 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்த முறை இது.

டோட் கணக்கு ரொம்ப சுலபம். 100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 1000. வரியும் கமிஷனுமாக 200 போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 800. எல்லோரும் நம்பும் குதிரையில் 50 பேர் கட்டி, அது ஜெயித்தால் ஆளுக்கு 16 ரூபாய். 10 பேர் மட்டும் கட்டிய குதிரை ஜெயித்தால் ஆளுக்கு 80.

கவனித்தீர்களா? பரிசைத் தீர்மானிப்பது குதிரை இல்லை, கூட்டம். எந்தக் குதிரை ஜெயித்தாலும் அந்த 200 திரும்பி வராது. தனி ஒருவர் ஜெயிக்கலாம், கூட்டம் ஜெயிக்கவே முடியாது.

இதில் கூட்டத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. அமெரிக்கப் பந்தயங்களின் கணக்கை எடுத்துப் பார்த்த ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-ல் ஒன்றைச் சொன்னார். ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள் மேல் ஜனங்கள் தேவைக்கு அதிகமாகப் பணம் கட்டுகிறார்கள். பத்து ரூபாயில் பெரும் பணம் என்ற ஆசைதான், வேறென்ன?

சரி, நம் ஊருக்கு வருவோம். 1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, எனவே சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம், இதையெல்லாம் எடைபோடுவதும் திறமைதான் என்பது வாதம்.

வாதம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் மேலே போட்ட கணக்கில் 100 பேரும் திறமைசாலிகள் என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் 1000 கட்டி 800 தான் வாங்குவார்கள்! திறமை, பணம் யார் கைக்குப் போகும் என்பதை மாற்றும். மொத்த நஷ்டத்தை மாற்றாது.

'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற அதே கேள்விதான் ஆன்லைன் ரம்மி வரைக்கும் வந்தது. 2023-ல் தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றுக்கு விலக்கு கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அந்தக் கேள்வியையே ஓரம் கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்றது.

ஏன் இது முக்கியம்? கிண்டி எங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். பஸ் ஏறிப் போய்த் தோற்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்தத் தூரமே பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். செல்போன் வந்த பிறகு அந்தத் தூரம் இல்லை. கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டுச் சம்பாதித்த காசும், சிக்னல் கிடைத்தால் போதும், அதே கூட்டத்தோடு சேர்ந்துவிடும்.

அதனால் அடுத்த முறை யாராவது "இது திறமை விளையாட்டு மச்சி" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எல்லாரும் கட்டினது எவ்வளவு, எல்லாருக்கும் திரும்பி வந்தது எவ்வளவு?"